குளிசை நின்றது, பீடி நிற்கவில்லை

வணக்கம் நேயர்களே, அஸ்ஸலாமு அலைக்கும். மருந்து கொடுக்கும் யன்னலுக்குள் நின்றே பாதி வயதைக் கழித்தவன் நான். அங்கே திரும்பத் திரும்பக் கண்ட ஒரு விசயத்தைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு அண்ணன். வேளாண்மைக் காலத்தில் யானைக் காவலுக்குப் பரணில் கிடப்பவர். நித்திரை வராமலிருக்க ஒரு பீடி, பிளேன்டீ, திரும்ப ஒரு பீடி, விடியும்வரை இதுதான். வயிற்றெரிவு தாங்காமல் ஆசுபத்திரிக்குப் போனார். கமரா விட்டுப் பார்த்தார்கள், சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண், கிருமியும் இருந்தது. 14 நாளைக்கு மருந்து. ஒரு கிழமையில் எரிவு அடங்கியதும் மிச்சக் குளிசையை அலுமாரிக்குள் போட்டுவிட்டு, பீடிக்கட்டோடு பரணுக்கு ஏறிவிட்டார். அடுத்த போகத்துக்குள் அதே எரிவு. "தம்பி, நீங்க தந்த மருந்து சரியில்ல" என்றார்.

மருந்து சரிதான். வயிற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமிதான் காரணம் என்று கண்டுபிடித்த அவுஸ்திரேலிய வைத்தியர்கள் பாரி மார்ஷலுக்கும் ரொபின் வொரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிற்றை அழற்றிக் காட்டியவர், அந்தத் துணிவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். சரி, கிருமிதான் காரணமென்றால் பீடிக்கு அங்கே என்ன வேலை? புகை வயிற்றுச் சுவருக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது, அமிலத்தை முறிக்கக் கணையம் சுரக்கும் காரநீரையும் குறைக்கிறது, அதனால் புண் ஆறச் சுணங்கும். இதைவிட முக்கியம், புகைப்பவர்களுக்குக் கிருமிக்கான மருந்தே தோற்றுப்போகும் வாய்ப்பு கூட. அவர்கள் குளிசையையும் பாதியில் விட்டால் தப்பிய கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாகவும் மாறிவிடலாம்.

அதே நேரம் ஒரு நல்ல செய்தி. கிருமி முழுதாக ஒழிந்துவிட்டால், புகைப்பவர்களுக்குக்கூட அந்தப் புண் திரும்புவது நன்றாகக் குறைந்துவிடும். ஆகவே எரிவு நின்றதை நம்பாதீர்கள், கிருமி போனதா என்று பாருங்கள். அன்டிபயோட்டிக் முடிந்து 4 கிழமையாவது கழித்து மூச்சிலோ மலத்திலோ சோதிக்கலாம், அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் குளிசையை அந்தச் சோதனைக்கு 2 கிழமை முன்பே நிறுத்தவேண்டும், அதை வைத்தியரிடம் கேட்டே செய்யுங்கள். அப்புறம், நாரி வலிக்கென்று துண்டில்லாமல் வாங்கிப் போடும் டைக்ளோபெனாக், அதுவும் தனியாகவே புண்ணாக்கும். மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனால் விடியட்டும் என்று இருக்கவேண்டாம், உள்ளே இரத்தம் கசிகிறது என்று அர்த்தம், அந்த இரவே ஆசுபத்திரிக்குப் போங்கள்.

அந்த அண்ணன் இரண்டாம் தரம் வேறு மருந்துகளை நாள் தவறாமல் குடித்து முடித்தார், சோதனையில் கிருமி இல்லை. இப்போது காவலுக்குப் போகும்போது பீடிக்கட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டு, ஒரு போத்தல் தண்ணீரும் சோற்றுப் பொதியும் கொண்டுபோகிறார். விடியப்புறம் மூன்று மணிக்குத்தான் கை பீடியைத் தேடுதாம்.