சங்கம் வாசிக்காத கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

தொழிற்சங்கப் பொதுக்குழுவில் பொருளாளர் எழுந்து வரவு செலவு வாசிப்பார். சந்தா எவ்வளவு வந்தது, வழக்குக்கு எவ்வளவு போனது, கையிருப்பு எவ்வளவு என்று அவர் சொல்லச் சொல்ல, உறுப்பினர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் இந்த ஓராண்டில் யார் யாருக்குப் பாதுகாப்புப் பயிற்சி கிடைத்தது, யார் யாருக்கு விட்டுப்போனது என்று எந்த நிர்வாகியாவது வாசித்து நான் கேட்டது அபூர்வம். தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவன் என்ற முறையில் இதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

"பயிற்சி கொடுப்பது நிர்வாகத்தின் கடமை, இதில் சங்கத்துக்கு என்ன வேலை?" என்று கேட்கும் தலைவர்கள் உண்டு. கடமை நிர்வாகத்துடையதுதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1981-ல் நிறைவேற்றிய 155-வது உடன்படிக்கை, தொழிலாளருக்கும் அவர்களுடைய பிரதிநிதிகளுக்கும் தகுந்த பயிற்சி தரவேண்டும் என்கிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளுக்காகத் தொழிலாளியின் கைக்காசு செலவாகக் கூடாது என்றும் சொல்கிறது. 2022 ஜூனில் பாதுகாப்பான பணிச்சூழலையும் அடிப்படை உரிமைகளில் ஒன்றாக அந்த அமைப்பு சேர்த்துவிட்டது. சங்கம் அமைக்கும் உரிமை எந்த வரிசையில் இருக்கிறதோ, அதே வரிசையில். அப்படியானால் பயிற்சி நிஜமாகவே நடந்ததா என்று பார்ப்பது யார் பொறுப்பு? பிரதிநிதி என்று ஓட்டு வாங்கியவருடைய பொறுப்பு.

பயிற்சி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஒரு வாயுவைச் சொல்கிறேன். ஹைட்ரஜன் சல்ஃபைடு. கழிவுநீர்த் தொட்டியிலும் எண்ணெய் டேங்குகளிலும் சேரும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய்விடும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு வெளியேறிவிட்டது என்று நம்பி இறங்குகிறவர், முன்பைவிடக் கொடிய காற்றுக்குள் இறங்குகிறார். பல வருஷம் அதே வேலை பார்த்தவரையும் மூக்கு இப்படித்தான் ஏமாற்றும். அவர் சுருண்டு விழுந்ததும், தூக்கிவிட வேண்டுமே என்று பக்கத்தில் நிற்பவர் குதிப்பார். அடைபட்ட இடங்களில் நேரும் சாவுகளில் 60 சதவீதத்துக்கும் மேல் இப்படிக் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1986-லேயே எச்சரித்தது. கூட வேலை செய்கிறவன்மேல் வைத்த பாசமே உயிரைக் குடிக்கிறது. உள்ளே இறங்காதே, முதலில் ஆள் கூப்பிடு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த இரண்டாவது ஆள் பிழைத்திருப்பார்.

அடுத்து, பயிற்சிப் பதிவேடு. ஷிப்டு முடிகிற நேரத்தில் ஒரு தாள் கைமாறி வரும். அவரவர் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள். வகுப்பு நடந்ததா, புரிகிற மொழியில் நடந்ததா என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்காது. விபத்து நடந்தால் மட்டும் அந்தத் தாள் முதலில் மேசைக்கு வரும். "பயிற்சி கொடுத்தோம், இதோ கையெழுத்து, அவர்தான் விதியை மீறினார்" என்று இறந்தவர் தலையிலேயே பழி விழும். கற்றுக்கொள்ளாத பயிற்சிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள், யாராவது வற்புறுத்தினால் எங்களிடம் வாருங்கள் என்று சங்கம் சொல்லியிருக்க வேண்டாமா? பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து, மினிட்ஸில் கையெழுத்தும் போட்டுவிட்டு, அங்கே பேசியதை உறுப்பினர் ஒருவரிடமும் சொல்லாத தலைவரை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், ஊதியப் பேச்சுவார்த்தை நடக்கிறது, இப்போது இதைக் கிளற வேண்டாம் என்பார்கள். உயர்த்தி வாங்கும் சம்பளத்தைக் கொண்டுபோக ஆள் உயிரோடு இருக்க வேண்டும். நிர்வாகம் மறுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்: இந்தத் தேதியில் கேட்டோம், இந்தக் காரணம் சொல்லித் தட்டிக்கழித்தார்கள் என்று. தகவல் பலகையில் ஒட்டினால் மட்டும் போதாது, நைட் ஷிப்டுக்காரர் அதைப் பார்க்காமலே போய்விடுவார். வாயிற்கூட்டத்தில் பேசுங்கள். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள். ஒப்பந்தத் தொழிலாளி நம் உறுப்பினர் இல்லையே என்று ஒதுக்காதீர்கள். டேங்குக்குள் இறங்கச் சொல்லி அனுப்பப்படுவது பெரும்பாலும் அவர்தான்.

உறுப்பினர்களே, அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவு வாசித்து முடிந்ததும் கையைத் தூக்குங்கள். பயிற்சி பெறாதவர்கள் எத்தனை பேர், எந்தெந்தப் பிரிவில், அவர்களுக்காகச் சங்கம் எழுதிய கடிதம் எங்கே என்று கேளுங்கள். கையில் பதில் இல்லையென்றால், எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்று கேட்டு, அந்தத் தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்த பிறகு உட்காருங்கள்.

வணக்கம்.