இசை டிகிரி சேர்ந்தா தனியா சாதகம் பண்ண நேரம் கிடைக்குமா? பண்ருட்டி தம்பியோட கேள்விக்கு பதில்

எல்லாருக்கும் வணக்கங்க. சத்தம் கேக்குதா... சரி கேக்குது. இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்துக்கிறேன், ஏன்னா அது கொஞ்சம் பெருசு. பண்ருட்டிலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, ப்ளஸ் டூ முடிச்சிட்டாராம், சின்ன வயசுலேர்ந்து ஒரே வாத்தியார்கிட்ட வயலின் கத்துக்கிட்டாராம், இப்ப இசைல டிகிரி சேரப்போறாரு. "அக்கா, நான் இதுவரைக்கும் வீட்ல தனியாதான் வாசிச்சிருக்கேன், காலேஜ்ல எல்லாமே குழுவாதான் வாசிக்கணும்னு சொல்றாங்க, எனக்கு செட் ஆகுமா, அப்பறம் தனியா சாதகம் (பயிற்சி) பண்ண நேரம் கிடைக்குமா"ன்னு கேட்டிருக்காரு.

ரெண்டாவது கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன் தம்பி. தானா கிடைக்காது. நீங்களா எடுத்துக்கிட்டாதான் உண்டு. அது ஏன்னு புரியணும்னா குழுவா வாசிக்கிறதுல நேரம் எங்க போவுதுன்னு தெரியணும், அதத்தான் இப்ப சொல்லப்போறேன்.

நான் படிக்கிறது சிதம்பரத்துல, அண்ணாமலை பல்கலைக்கழகத்துல. வீடு கடலூர் ஓ.டி., அதனால காலைல ட்ரெயின், அது லேட்டுன்னா பஸ்ஸு. சிதம்பரம் ஸ்டேஷன்ல எறங்கி கிழக்கு பக்கமா வந்தா கேம்பஸ் பக்கம் வந்துடலாம், மேக்க போனா ஊரு, கோயில். இசைய ஒரு பாடமா அங்க 1929லேர்ந்து சொல்லிக்கொடுத்துட்டு வராங்க, பாடகர் தண்டபாணி தேசிகர் அய்யாவெல்லாம் இசைத்துறை தலைவரா இருந்த எடம், அந்த பெருமையெல்லாம் நெறைய பேர் பேசியாச்சு, நான் அன்னாடம் என்ன நடக்குதோ அத மட்டும் சொல்றேன்.

ஒரு பிராக்டிஸுன்னு கூடுறோம்னு வைங்க. வாய்ப்பாட்டுல ரெண்டு பொண்ணுங்க ரெண்டு பசங்க, வயலின் மூணு பேரு, ஒரு வீணை, ஒரு புல்லாங்குழல், மிருதங்கம், கடம். உக்காந்த உடனே வாசிக்க ஆரம்பிச்சிடுவோம்னு நெனச்சுட்டு வருவீங்க, கெடையாது. மொத பஞ்சாயத்து கட்டை, அதாவது எந்த சுருதில பாடுறதுன்னு, ஆர்மோனியக் கட்டைய வெச்சு எண்ணுவாங்க, நம்பர் ஏற ஏற சுருதியும் ஏறும். பொண்ணுங்க 5, அஞ்சரை கட்டைல பாடுவாங்க, பசங்க 1, ஒன்னரை. ரெண்டு பேரும் சேந்து பாடணும்னா யாராவது எறங்கணும் யாராவது ஏறணும். வீணைக்காரங்க எனக்கு 3 கட்டைதான் சௌகரியம்பாங்க, ஏன்னா அதுலதான் அந்த நாதம் நல்லா வரும். புல்லாங்குழல் அதவிட மோசம், மூங்கில ஒன்னும் முறுக்க முடியாது, ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வொரு குழல், கைல இல்லாத கட்டைய சொன்னீங்கன்னா அன்னிக்கு அவரு சும்மா உக்காந்து தாளம் போடவேண்டியதுதான். மிருதங்கம் 1 கட்டைக்கு வெச்சிருக்கறது பெரிய மரம், தக்கு சுருதி, அத வெச்சுக்கிட்டு 5 கட்டைக்கு ஏத்தவே முடியாது, அதுக்கு சின்ன மிருதங்கம் வேற வேணும், எச்சு சுருதி. கடம் அப்பிடியே சுட்ட பானை, உள்ள களிமண்ணு மாதிரி எதாவது ஒட்டி துளியூண்டு எறக்கலாம் அவ்ளோதான். (புதுசா வந்த ஒருத்தர் மூன்றரை கட்டைக்கு வெச்சுக்கலாமான்னு கேட்டாரு, எல்லாரும் சிரிச்சிட்டாங்க பாவம். 3க்கும் 4க்கும் நடுவுல கருப்புக் கட்டையே கெடையாது, ஆர்மோனியத்துல பாத்தா தெரியும்.)

நம்ம வயலின்? வயலின்காரங்க எந்த கட்டைக்கும் வருவாங்கன்னு எல்லாருக்கும் ஒரு நெனப்பு. வரலாம்தான், ஆனா உங்க வாத்தியார் 1 கட்டைல சொல்லிக்கொடுத்திருந்தா கம்பி அதுக்கு பழகியிருக்கும், திடீர்னு 5 கட்டைக்கு முறுக்குனா நிக்காது, வாசிக்க வாசிக்க எறங்கிட்டே இருக்கும், முன்கம்பி அறுந்தாலும் அறுந்துடும். 5லேர்ந்து 1க்கு எறக்குனா கம்பி தொளதொளன்னு ஆயிடும், வில்ல வெச்சா கரகரங்கும். அதான் கொஞ்சம் வசதி இருக்கவங்க ரெண்டு வயலின் வெச்சிருப்பாங்க, ஒன்னு பொண்ணுங்க சுருதிக்கு ஒன்னு பசங்க சுருதிக்கு. இல்லாதவங்க மொத நாள் ராத்திரியே சேத்து வெச்சிட்டு வந்துடணும், அங்க வந்து முறுக்கக்கூடாது. இத யாரும் சொல்லித்தர மாட்டாங்க, கேட்டு தெரிஞ்சுக்கணும்.

இதுல நம்ம ஊரு காத்து வேற. கடலூர், பாண்டி, சிதம்பரம் எல்லாம் கடக்கரை ஓரம், ஐப்பசி கார்த்திகை வந்துட்டா மிருதங்கத்து தோலு ஈரத்த குடிச்சு தளந்துபோய்டும், கல்லும் கட்டையும் வெச்சு அடிச்சு அடிச்சு ஏத்திட்டே இருப்பாங்க. அப்பறம் நிகழ்ச்சி ஏசி ஹால்ல இருந்துச்சுன்னா அது தனி கூத்து, குளுந்தா கம்பி இறுகி வயலினும் வீணையும் சுருதி ஏறும், புல்லாங்குழல் உள்ள காத்து குளுந்து அது எறங்கும், ரெண்டும் எதிரெதிரா போகும். வெளில சேத்துட்டு உள்ள போனா ஒருத்தருக்கொருத்தர் ஒட்டாது. அதனால நாங்க முன்னாடியே உள்ள போய் உக்காந்து ஆறவிட்டு அப்பறம் சேப்போம்.

சரி கட்டை முடிஞ்சிது. ரெண்டாவது பஞ்சாயத்துதான் தம்பி உங்களுக்கு நெஜமா கஷ்டமா இருக்கப்போறது, பாடாந்தரம், அதாவது ஒரு பாட்ட அவங்கவங்க குருகிட்ட கத்துக்கிட்ட வழி. ஹம்சத்வனி ராகத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு கிருதி எடுக்குறோம், எல்லாருக்கும் தெரியும், ஆனா ஆளுக்கொரு மாதிரி தெரியும். உங்க வாத்தியார் பல்லவிக்கு அஞ்சு சங்கதி (அதே வரிய மாத்தி மாத்தி பாடுற விதம்) சொல்லிக்கொடுத்திருப்பாரு, மாயவரத்துலேர்ந்து வந்த பொண்ணுக்கு ஏழு, பாண்டிலேர்ந்து வர ஒருத்தருக்கு மூணாவது சங்கதியே வேற. எது சரி? எல்லாமே சரிதான், ஒவ்வொன்னும் ஒரு குருகிட்டேர்ந்து வந்தது. ஆனா பத்து பேர் சேந்து வாசிக்கும்போது ஒன்னுதான் இருக்க முடியும். இங்கதான் தனியா கத்துக்கிட்ட பசங்களுக்கு மனசு வலிக்கும், "எங்க வாத்தியார் இப்பிடி சொல்லித்தரல"ன்னு. நான் சொல்றது என்னன்னா, குழுவுல முடிவு பண்ண பாடாந்தரத்த ஒரு நோட்ல தனியா எழுதி வெச்சுக்கோங்க, உங்க வாத்தியார் சொல்லிக்கொடுத்தத அப்பிடியே மனசுல வெச்சுக்கோங்க, ஒன்ன அழிச்சிட்டு இன்னொன்னு எழுதாதீங்க. நாளைக்கு நீங்க தனியா கச்சேரி பண்ணும்போது அவரோடதுதான் உங்களுக்கு வேணும்.

சங்கதி கூட எழுதி முடிச்சிடலாம், கமகம், அதாவது ஸ்வரத்த ஆட்டி வளைக்கிறது, எழுத முடியாது. தோடி ராகத்துல காந்தாரத்த (க ஸ்வரத்த) ஆட்டுறது ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் ஒத்துப்போகாது, ஒருத்தர் பெருசா ஆட்டுவாரு ஒருத்தர் சின்னதா, தனியா கேட்டா ரெண்டுமே சொகமா இருக்கும், ஆறு வயலின் சேந்து ஆறு விதமா ஆட்டுனா கலங்கல் தண்ணி மாதிரி ஆயிடும். அதனாலதான் வாத்திய பிருந்தாவுக்கு (பல வாத்தியம் சேந்து வாசிக்கிற குழுவுக்கு) பாட்டு போடுறவங்க பெரும்பாலும் ஹம்சத்வனி, மோகனம் மாதிரி நேர் ஸ்வரமா நிக்கிற ராகமா பாத்து எடுக்குறாங்க. சில பேர் இதெல்லாம் கர்நாடக சங்கீதமே இல்லம்பாங்க. எனக்கு அப்பிடி தோணல, ஆகாசவாணில 1952லேர்ந்து தேசிய வாத்திய பிருந்தான்னு ஒன்னு வெச்சு நடத்தியிருக்காங்க, அது ஒரு தனி வித்தை. ஆனா நாள் பூரா அதையே வாசிச்சா கை தட்டையா போய்டும், அது உண்மை. வில்லு எங்க மேல போகணும் எங்க கீழ வரணும்னு எல்லாத்தையும் பென்சில்ல குறிச்சு ஒரே மாதிரி இழுக்கப் பழகுவோம், அதே கையோட போய் ராத்திரி ஆலாபனை வாசிச்சா அதுவும் அளவெடுத்த மாதிரியே வரும்.

அதனாலதான் சொல்றேன், குழு பிராக்டிஸ சாதகம்னு கணக்கு வெக்காதீங்க. ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு வந்து "இன்னிக்கு நல்லா வாசிச்சேன்"னு நெனப்பீங்க, அதுல நீங்க வில்லெடுத்தது எவ்ளோ நேரம்னு யோசிச்சு பாத்தா கொஞ்சமாதான் இருக்கும், மீதியெல்லாம் சுருதி சேக்குறது, காத்திருக்குறது, மிருதங்கத்துக்காரங்க கோர்வைய (முடிக்கும்போது மூணு தடவ வாசிக்கிற கணக்க) திருப்பி திருப்பி சரி பண்ணும்போது தாளம் போட்டுட்டு இருக்குறது. விடியக்காலைல எழுந்து சரளி, ஜண்டைன்னு ஆரம்ப ஸ்வரப் பயிற்சி, மூணு வேகத்துல ஒரு வர்ணம், இத மட்டும் யாருக்காகவும் விடாதீங்க. ஹாஸ்டல்னா ரூம்ல ஒத்துக்க மாட்டாங்க, மரத்தடிக்கு போய்டுங்க, அங்க ஏற்கனவே நாலு பேர் ஆளுக்கொரு சுருதில உக்காந்திருப்பாங்க, பழகிக்கலாம். என்னை மாதிரி ட்ரெயின்ல வரவங்களுக்கு இன்னும் சீக்கிரம் எழுந்துக்கணும், வேற வழி இல்ல.

தாளம் போடுறதுன்னு சொன்னேன்ல, அத சாதாரணமா நெனைக்காதீங்க. தனி ஆவர்த்தனம், அதாவது தாளவாத்தியம் மட்டும் வாசிக்கிற பகுதி, ஆரம்பிச்சா வயலினுக்கு ரெஸ்ட்டுன்னு வீட்ல பாக்குறவங்க நெனப்பாங்க. மிருதங்கம் ஒரு ரவுண்டு, கடம் ஒரு ரவுண்டு, அப்பறம் குறைச்சுட்டே வந்து மோரா, கோர்வைன்னு முடிப்பு கணக்கெல்லாம் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் பாடுறவங்களும் நாமளும் தாளத்த கெட்டியா புடிச்சிருக்கணும். மிஸ்ர சாபு தாளத்துல (ஏழு எண்ணிக்கை) அவங்க திஸ்ர நடைக்கு (மூணு மூணா) போனாங்கன்னா நம்ம கை தானா அவங்க பின்னாடி ஓடும், ஓட விடக்கூடாது. கோர்வை மூணு தடவ முடிஞ்ச உடனே கரெக்டா எடுப்புல, அதாவது பாட்டு ஆரம்பிக்கிற எடத்துல, பாட்ட எடுக்கணும், அங்க நம்ம வில்லு ரெடியா இருக்கணும். இதெல்லாம் வீட்ல தனியா உக்காந்து ஆயுசுக்கும் வராது தம்பி. மிருதங்கம் படிக்கிற பசங்ககூட சிநேகமா இருங்க, கேன்டீன்ல டீ குடிக்கும்போது டேபிள் மேல கைய தட்டிக்கிட்டு தகதிமின்னு சொல்கட்டு சொல்லிட்டு இருப்பாங்க, பக்கத்துல உக்காந்து தாளம் போடுங்க. எனக்கு லய ஞானம்னு கொஞ்சநஞ்சம் இருக்குன்னா அது அங்க வந்ததுதான்.

இன்னொன்னு, தாளமே இல்லாம சேந்து வாசிக்கிறது. தேவாரத்த சுத்தாங்கமா பாடும்போது தாளம் கெடையாது, நாலு பேர் சேந்து பாட வயலின் கூட போகணும்னா அவங்க மூச்சு எங்க எடுக்குறாங்கன்னு பாத்துட்டே போகணும். அப்பர கல்லோட கட்டி கடல்ல போட்டப்போ நம்ம திருப்பாதிரிப்புலியூர்லதான் கரையேறினாருன்னு சொல்வாங்கள்ல, அப்ப பாடுன பதிகம் காந்தார பஞ்சமம்ங்கிற பண்ணு (பழைய தமிழ் ராகம்), இப்ப கேதாரகௌளை ராகத்துல பாடுறாங்க. கடலூர்க்காரின்னு அத வாசிக்கும்போது மட்டும் எனக்கு கொஞ்சம் திமிரு வரும், இருந்துட்டு போகட்டும்.

பரதத்துக்கு வாசிக்கிறதும் வரும். அங்க தலைமை நட்டுவாங்கம்தான், அதாவது ஜதி சொல்லி தாளம் போடுறவங்க, கைத்தாளத்த எப்பிடி தட்டுறாங்களோ அதான் காலப்பிரமாணம், நம்ம வேகம். சிதம்பரத்துல மகா சிவராத்திரிய ஒட்டி 1981லேர்ந்து நாட்டியாஞ்சலி நடந்துட்டு வருது, எங்கெங்கிருந்தோ ஆட வருவாங்க, போய் உக்காந்து வாசிக்கிறவங்கள மட்டும் பாருங்க. ஆடுறவங்க கண்ண பாத்துக்கிட்டே எப்பிடி வாசிக்கிறாங்கன்னு தெரியும். படிப்பு முடிஞ்சதும் கைல மொதல்ல காசு வர்றது பாதிக்குமேல அரங்கேற்றத்துலயும் பக்கவாத்தியத்துலயும்தான், தனி வயலின் கச்சேரி அப்பறம்தான், அதுவும் எல்லாருக்கும் இல்ல. வீட்ல கேட்டா இத சொல்லுங்க.

நாதஸ்வரம் தவில் படிக்கிறவங்க கதை வேற, அவங்க செட்டு தனி. தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாளுன்னா வகுப்புல பாதி பேர் காணாமப்போய்டுவாங்க, வாத்தியார்களுக்கும் தெரியும், கண்டுக்க மாட்டாங்க. நம்மளோட சேந்து வாசிச்சா நம்ம சத்தம் கேக்கவே கேக்காது, மைக்கு வெச்சாலும் கஷ்டம்.

செட் ஆகுமான்னு கேட்டீங்க. தனியா நல்லா வாசிக்கிறவங்களுக்கு மொத செமஸ்டர்ல ஒரு மாதிரிதான் இருக்கும், ஏன்னா வீட்ல நீங்க மட்டும்தான் வயலின், இங்க கும்பல்ல உங்க சத்தம் உங்களுக்கே தெரியாது. தெரியலன்னு சத்தமா இழுப்பீங்க, பக்கத்துல இருக்கவரும் இழுப்பாரு. அப்ப வில்ல லேசாக்கி பாருங்க, பக்கத்து சத்தம் கேக்க ஆரம்பிச்சா உங்க சுருதி எங்க இருக்குன்னு தெரிஞ்சிடும். பாட்டுக்கு வாசிக்கும்போதும் அதேதான், பாடுறவங்க ஆலாபனைல ஒரு எடத்துல நின்னா நாம அந்த ஸ்வரத்த புடிச்சு நிக்கணும், அவங்கள தாண்டி ஓடக்கூடாது, நம்ம டர்ன் வரும்போது அவங்க பாடுனதவிட கம்மி நேரத்துல முடிச்சிக்கணும். நீங்க கடலூர் மாவட்ட இசைப்பள்ளில படிச்ச பசங்க யாரையாவது புடிச்சு கேளுங்க, அங்கயே பாட்டு மிருதங்கமெல்லாம் ஒரே கட்டடத்துல இருக்கறதால அவங்களுக்கு இது கொஞ்சம் முன்னாடியே பழகியிருக்கும். சிதம்பரம் தூரம்னா பாண்டி பக்கம் அரியாங்குப்பத்துல பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கு, அதையும் போய் ஒரு நாள் பாத்துட்டு வாங்க, பாக்காம முடிவு பண்ணாதீங்க.

கடைசியா அவர் கேட்ட சின்ன கேள்வி, சேரும்போது புது வயலின் வாங்கணுமான்னு. வேணாம். இருக்கறத ரிப்பேர் பாக்குறவர்கிட்ட கொடுத்து கம்பி முறுக்குற பிருடை வழுக்காம இருக்கான்னு பாக்க சொல்லுங்க, மழைக்காலத்துல பசை விட்டுக்கும், ஓரமெல்லாம் தட்டிப்பாக்க சொல்லுங்க. ரெண்டு செட்டு கம்பி எக்ஸ்ட்ரா வாங்கி வெச்சுக்கோங்க, உப்புக்காத்துல சீக்கிரம் துரு புடிக்கும், வாசிச்சு முடிச்சதும் காட்டன் துணியால தொடச்சிட்டு பொட்டில வைங்க. வில்லுக்கு தேய்க்கிற ரோசனம் ட்ரெயின்ல வெயில்ல வெச்சீங்கன்னா உருகிடும், பையில உள்ள வைங்க. அப்பறம் தரைல உக்கார ஒரு கெட்டியான ஜமுக்காளம், வலது கணுக்கால்ல வயலின் தலைய வெச்சு மணிக்கணக்கா உக்காந்தா காய்ச்சுப்போய்டும், கால் மரத்துப்போகும், அதுக்கு அடில மடிச்சு வெக்க ஒரு துண்டு. ஹாஸ்டல் பத்தி வேற ஒருத்தங்க கேட்டிருக்காங்க, அதுக்கு நான் ஹாஸ்டல்ல இருக்க பிரெண்ட கூப்பிட்டு வந்து பேச வெக்கிறேன், எனக்கு ட்ரெயின் பத்திதான் தெரியும்.