துடுப்பைக் காதில் வையுங்கள்: மட்டக்களப்பு வாவியில் ஒரு பூரணை இரவு

[காட்சி: கல்லடிப் பாலம், பொழுது சாயும் நேரம். கீழே ஒரு தோணி.]

வணக்கம். மட்டக்களப்பை "மீன் பாடும் தேன்நாடு" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மேடைப் பேச்சிலும் கலியாண வீட்டு வாழ்த்திலும் அடிபட்டு அடிபட்டு, அது வெறும் அடைமொழி போல ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு சத்தம் இருக்கிறது. அதைக் கேட்க ஒரு தோணி, ஒரு துடுப்பு, நல்ல நிலவு, இவ்வளவும் போதும். அந்தத் துடுப்புக்கு அங்கே என்ன வேலை என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

முதலில் இடம். மட்டக்களப்பு வாவி கடற்கரையை ஒட்டியே வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. வாவிக்குள் ஒரு தீவு, புளியந்தீவு. பழைய கோட்டையும் நகரத்தின் நடுப்பகுதியும் அதில்தான். எதிர்க்கரையில் கல்லடி. அதற்கு அப்பால் கடல். 1924இல் கட்டிய இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மீன் பாட்டுக் கேட்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பாலத்தடிக்குத்தான் தோணியை விடுவார்கள்.

[காட்சி: கல்லடிப் பக்கம் தென்னைகளுக்கு மேலே நிலவு எழுகிறது.]

பூரணையன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே நிலவு கிழக்கில் ஏறும். நள்ளிரவு வாக்கில் தலைக்கு மேல் வந்துவிடும். ஆகவே இரவு முழுக்க வெளிச்சம். அந்த வெளிச்சம் சூரிய ஒளியில் ஏறக்குறைய நான்கு லட்சத்தில் ஒரு பங்குதான், ஆனாலும் துடுப்பு வலிக்கப் போதும். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும். நடுவில் யாராவது போனைத் திறந்தால் எல்லாம் முதலிலிருந்து. தயவுசெய்து போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

சரி, பாட்டுக்கு வருவோம்.

1848 செப்டம்பர். இலங்கையின் காலனித்துவச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் மட்டக்களப்புக்கு வந்தபோது, வாவியின் அடியிலிருந்து இசை கேட்கிறது என்ற கதையை விசாரித்தார். மீனவர்களை அழைத்துக் கேட்டார். "எங்கள் அப்பன்மார் காலத்திலிருந்தே தெரிந்ததுதான்" என்கிற விதமாகவே அவர்கள் பதில் சொன்னார்கள். வெயில் காலத்தில் மட்டும் கேட்கும், மழைவெள்ளம் வாவிக்குள் இறங்கினால் நின்றுவிடும் என்றும் சொன்னார்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: பாடுவது மீன் கிடையாது, ஊரி, அதாவது ஓட்டுக்குள் வாழும் நத்தை போன்ற உயிர் என்றார்கள். அழுகிற ஊரி என்ற பொருளில் அதற்கு ஒரு தமிழ்ப் பெயரே இருந்ததாக டெனன்ட் எழுதிவைத்திருக்கிறார்.

அன்று மாலை நிலவு ஏறியதும் அவரும் மீனவர்களோடு தோணியில் ஏறினார். கோட்டை வாசல் துறையிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய இருநூறு கஜ தூரம். காற்றே இல்லை. துடுப்பு எழுப்பிய சிற்றலை தவிர வேறு அலையும் இல்லை. அந்த இடத்துக்கு வந்ததும் கேட்டது. கண்ணாடிக் குவளையின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் வருமே, அந்த மாதிரி. ஒரே நீண்ட சுரமாக வராமல், தனித்தனியாகத் தெளிந்த எத்தனையோ சின்ன ஒலிகள், உச்சமும் கீழும் கலந்து. தோணிப் பலகையில் காதை வைத்தபோது சத்தம் பெருகியது. தோணி நகர்ந்தால் மறைந்தது. திரும்பி வந்தால் உடனே கேட்டது.

பலகையில் காதை வைத்தாரே, அந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது.

[காட்சி: நீரும் காற்றும் சந்திக்கும் கோடு. கீழிருந்து வரும் ஒலியலை மோதித் திரும்புகிறது.]

நீருக்குள் ஒலி நொடிக்கு சுமார் 1500 மீட்டர் வேகத்தில் ஓடும். காற்றில் சுமார் 340 மீட்டர்தான். வேகத்திலும் அடர்த்தியிலும் இரண்டும் அவ்வளவு வேறுபட்டவை என்பதால், கீழிருந்து வரும் ஒலி நீரின் மேல்பரப்பில் மோதி, ஏறக்குறைய அப்படியே திரும்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் காற்றுக்குத் தப்பி வரும். வாவிக்குள் பெரிய கச்சேரியே நடந்தாலும் மேலே இருக்கும் நமக்குக் கிடைப்பது அந்தத் துளிதான்.

மரத்தின் கதை வேறு. ஒலியை ஏற்பதில் மரம் காற்றைவிட நீருக்கு எவ்வளவோ நெருக்கம். துடுப்பின் அகன்ற பக்கத்தை நீருக்குள் இறக்கி, மறுமுனையைக் காதோடு சேர்த்து அழுத்துங்கள். இடையில் காற்றே இல்லை. நீரிலிருந்து மரம், மரத்திலிருந்து எலும்பு, எலும்பிலிருந்து உட்காது. மீனவர்கள் இதை யாரிடமும் பாடம் படித்துச் செய்யவில்லை.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். தொட்டி நிறையத் தண்ணீர். ஒருவர் நீருக்குள் இரண்டு கூழாங்கற்களை மெதுவாகத் தட்டட்டும். நீங்கள் மர அகப்பையை நீரில் விட்டு, காம்பைக் காதில் வையுங்கள். எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். நான் முதல் தடவை செய்தபோது காம்பைச் சட்டென்று விலக்கிவிட்டேன், அவ்வளவு கிட்டத்தில் கேட்டது.

பாடுவது எது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. மீன்கள் ஒலி எழுப்பும் என்பதில் மட்டும் சந்தேகமே வேண்டாம். பல மீன்கள் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்துச் சத்தம் போடும். அமெரிக்காவில் சாசலிட்டோ என்ற ஊரின் படகுவீட்டுக்காரர்களை 1980களில் இரவுதோறும் ஒரு ரீங்காரம் தூங்கவிடாமல் செய்தது. கடைசியில் அது பெண் மீனை அழைக்கும் ஆண் மீனின் குரல் என்று தெரிந்தது. அந்த மீனின் தசை நொடிக்கு ஏறக்குறைய நூறு தடவை சுருங்கும்.

போகிறவர்களுக்கு: மழைக்காலம் வேண்டாம், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பாருங்கள். வாவியில் முதலை உண்டு, அதனால் இடம் தெரிந்த மீனவர் இல்லாமல் இறங்கவே கூடாது. உயிர்காப்பு அங்கி கட்டாயம். எதிரே வரும் தோணிக்குக் காட்ட ஒரு டோர்ச் கையோடு இருக்கட்டும். இயந்திரப் படகு மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த இரைச்சலில் வாவி முழுக்க வேறு எதுவும் கேட்காது.

[காட்சி: நீரில் நிலவின் நீண்ட வெள்ளிப் பாதை. மெல்ல மெல்லச் சுருங்குகிறது.]

எப்போது துடுப்பை நிறுத்துவது? நீரில் விழும் நிலவைப் பாருங்கள். அலை இருக்கும்வரை ஒவ்வொரு அலையும் ஒரு சாய்ந்த கண்ணாடியாகி, நிலவை நீளமாக இழுத்து உடைத்துக் காட்டும். காற்று ஓய ஓய அந்தப் பாதை குறுகிக்கொண்டே வரும். அது தோணிக்குப் பக்கத்தில் ஒற்றை வட்டமாகத் திரண்டு நிற்கும்போது வலிப்பதை நிறுத்துங்கள். துடுப்பில் வடியும் நீர் சொட்டி முடியட்டும். பிறகு அதை மெல்ல நீருக்குள் இறக்கி, காதை வையுங்கள்.