மினியாபொலிஸ் சோமாலியர்களும் தட்டம்மை ஊசியும்

வணக்கம் மக்களே. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து நகரமான மினியாபொலிஸில், சீடர்-ரிவர்சைடு பக்கம் நடந்துகொண்டே பேசுகிறேன். காற்று கொஞ்சம் இரையும், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் சிவப்பு, மஞ்சள், நீலப் பலகைகளோடு நிற்கிற அடுக்குமாடிகள்தான் ரிவர்சைடு பிளாசா. 1991இல் சோமாலியாவில் அரசு கவிழ்ந்து சண்டை மூண்ட பிறகு இங்கே வந்தவர்களில் நிறையப் பேர் குடியேறிய இடம் இது. அமெரிக்காவிலேயே சோமாலியர்கள் அதிகம் வாழும் மாநிலம் மின்னசோட்டா.

இவர்களைப் பற்றி எப்போது வீடியோ போட்டாலும் யாராவது ஒருவர், "இவங்க பிள்ளைங்களுக்கு ஊசியே போட மாட்டாங்களாமே, படிப்பறிவு கிடையாதா?" என்று கேட்டுவிடுகிறார். படிப்பறிவுக் கதை இதில் செல்லாது. ஏனென்றால், 2004இல் இங்குள்ள சோமாலியக் குழந்தைகளில் 92 சதவீதம் பேருக்கு எம்எம்ஆர் ஊசி, அதாவது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசி, போட்டிருந்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் அது ஒன்றும் குறைச்சலில்லை. 2014இல் அதே கணக்கு 42 சதவீதம். பத்தே வருடத்தில் ஒரு சமூகத்துக்கு எழுத்து மறந்துபோகுமா என்ன?

நடந்தது வேறு. 2008 வாக்கில் சில அம்மாக்கள் ஒன்றைக் கவனித்தார்கள். மினியாபொலிஸ் பள்ளிகளில் ஆட்டிசம் (பேசிப் பழகுவதில் சிரமம் தரும் வளர்ச்சிக் குறைபாடு) உள்ள சிறு பிள்ளைகளுக்கான வகுப்புகளில் தங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதிகமாக இருந்தார்கள். ஊரில் இப்படிக் கேள்விப்பட்டதே இல்லையே, இங்கே வந்து ஏன் வருகிறது என்று டாக்டர்களிடம் கேட்டார்கள், அதிகாரிகளிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மின்னசோட்டா பல்கலைக்கழகம் விரிவாக ஆராய்ந்து முடிவைச் சொல்லும்போது 2013 முடியப் போகிறது. ஆட்டிசம் இருந்தது சோமாலியப் பிள்ளைகளில் 32 பேருக்கு ஒருவர், வெள்ளையர் பிள்ளைகளில் 36 பேருக்கு ஒருவர். பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஆட்டிசம் இருந்த சோமாலியப் பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்தே இருந்தது மிக அதிகம். அது ஏன் என்பதற்கு அந்த ஆய்வும் பதில் சொல்லவில்லை.

நடுவில் ஐந்து வருடம் இருக்கிறது பாருங்கள், அந்த இடைவெளியில்தான் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு வந்து சேர்ந்தார். எம்எம்ஆர் ஊசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் கட்டுரை எழுதிய பிரிட்டிஷ் டாக்டர். 2010இல் லான்செட் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, பிரிட்டனில் மருத்துவம் பார்க்கும் உரிமையும் அவருக்குப் போனது. அதற்குப் பிறகும் மினியாபொலிஸுக்கு வந்து சோமாலியப் பெற்றோர்களோடு உட்கார்ந்து பேசினார். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று பல நாடுகளில் பெரிய ஆய்வுகள் ஏற்கெனவே காட்டியிருந்தன. சரி, அதை இந்த அம்மாக்களிடம் சொன்னது யார்? டாக்டரிடம் பதினைந்து நிமிட அப்பாயிண்ட்மென்ட், அதிலும் பாதி நேரம் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளர். அந்த அவசரத்தில் யாரிடம் பயத்தைக் கொட்டுவது? பொய் சொன்னாலும் ஒருவர் நேரம் ஒதுக்கி, மரியாதையாக உட்கார்ந்து கேட்கிறார் என்றால் அவர் பக்கம்தான் மனசு சாயும்.

விலை 2017இல் கொடுக்க வேண்டி வந்தது. ஏப்ரலில் தொடங்கிய தட்டம்மை 75 பேருக்கு வந்தது. பெரும்பாலும் சோமாலியக் குழந்தைகள், அநேகமாக எல்லோருமே ஊசி போடாதவர்கள். இருபது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நல்லவேளை, உயிரிழப்பு இல்லை. பரவியது பெரும்பாலும் டேகேரில், அதாவது குழந்தைகள் காப்பகங்களில். நோயாளி அருகே இருந்துவிட்ட, ஊசி போடாத பிள்ளையை 21 நாள் வீட்டிலேயே வைத்திருக்கச் சொன்னார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அது தொல்லை. மணிக்கணக்கில் கூலி வாங்கும் அம்மாவுக்கு? மூன்று வாரச் சம்பளம் போச்சு, சில சமயம் வேலையே போச்சு.

    

நம் ஊரிலும் அதே 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தி பறந்தது, முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது. அதை யாரும் தமிழர்களின் படிப்பறிவுப் பிரச்சினை என்று சொன்னதாக ஞாபகமில்லை.

அப்புறம் என்ன செய்தார்கள்? இமாம்களும் சோமாலிய சுகாதாரப் பணியாளர்களும் இறங்கினார்கள். சோமாலி மொழிக்கு அதிகாரபூர்வ எழுத்து வந்ததே 1972இல்தான். கவிதை, பேச்சு, நேரில் விவாதம் என்று வளர்ந்த சமூகம். அவர்களுக்குத் துண்டுப் பிரசுரத்தை நீட்டி என்ன பயன்? பள்ளிவாசலிலும் வீட்டுக் கூடத்திலும் உட்கார்ந்து பேசியது கொஞ்சம் எடுபட்டது. முழுசாக அல்ல, 2022இலும் 2024இலும் தட்டம்மை திரும்ப வந்தது.

இன்றும் பல அம்மாக்கள் ஊசி வேண்டாம் என்று சொல்வதில்லை. "பிள்ளைக்குப் பேச்சு வரட்டும், அப்புறம் போடலாம்" என்கிறார்கள். பேச்சு வரத் தாமதமானால் ஆட்டிசம் பரிசோதனைக்கு மாதக்கணக்கில் வரிசை. ஊசியைத் தள்ளிப்போடாதே என்று அவர்களிடம் சொல்லப் போகிறவர்கள் முதலில் அந்த வரிசையைக் குறைக்கிற வழியைப் பார்க்கலாம்.  வரட்டுமா.