நூறு டாலருக்கு வந்த ஆள்: தோல்வியே காணாத 1972 மயாமி டால்ஃபின்ஸ்

[திரையில்: லாஸ் ஏஞ்சலிஸ் கொலிசியம் மைதானம், 14 ஜனவரி 1973]

அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதிப் போட்டி முடிய இரண்டு நிமிடம் சொச்சம்தான் பாக்கி. மயாமி டால்ஃபின்ஸ் 14, வாஷிங்டன் 0. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து இன்னும் 3 புள்ளி எடுக்க காரோ யெப்ரெமியன் வருகிறார். உதைத்த பந்தை எதிரணி வீரர் தடுத்துவிட, அது துள்ளித் திரும்பி அவரிடமே வருகிறது. அதன் மேல் அப்படியே படுத்திருந்தால் போதும். அவரோ கையில் எடுத்து எறியப் பார்க்கிறார். பந்து விரலிலிருந்து வழுக்கி மேலே எழும்புகிறது, பதறிப்போய்த் தட்டிவிடுகிறார், வாஷிங்டனின் மைக் பாஸ் அதைப் பிடித்து 49 யார்டு ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன் போட்டுவிடுகிறார். 14-7.

அந்த நொடியில் ஆடிப்போனது ஒரு ஆட்டம் மட்டும் இல்லை. அதுவரை டால்ஃபின்ஸ் ஆடிய 16 ஆட்டங்களிலும் ஜெயித்திருந்தார்கள்.

[திரையில்: பருவ அட்டவணை]

என்.எஃப்.எல். தொழில்முறை லீக்கில் அப்போது ஒரு அணிக்கு 14 லீக் ஆட்டங்கள். அப்புறம் நாக்-அவுட், கடைசியில் சூப்பர் பவுல். கார் மோதுவது போல ஆட்கள் மோதிக்கொள்ளும் விளையாட்டு இது. வாரத்துக்கு ஓர் ஆட்டம், வாரத்துக்கு ஒரு காயம். அதனால்தான் நல்ல அணிகள்கூட ஒன்றிரண்டு ஆட்டங்களையாவது கோட்டைவிட்டுவிடும்.

டால்ஃபின்ஸுக்கு அந்த அடி ஐந்தாவது ஆட்டத்திலேயே விழுந்தது. சான் டியாகோவுக்கு எதிராக குவார்ட்டர்பேக் பாப் கிரீஸியின் கால் முறிந்தது. பந்து ஒவ்வொரு முறையும் குவார்ட்டர்பேக் கைக்குத்தான் முதலில் வரும்; எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா என்பது அவர் கையில். அவர் போனால் பாதி அணி போன மாதிரி.

[திரையில்: எர்ல் மோரல், குட்டையாக வெட்டிய முடி]

உள்ளே வந்தவர் எர்ல் மோரல். வயது 38. பால்டிமோர் கோல்ட்ஸ் அணி வேண்டாம் என்று விடுவித்தவரை, அந்த ஆண்டுதான் டால்ஃபின்ஸ் 100 டாலர் கட்டி எடுத்திருந்தது. எடுக்கச் சொன்னவர் பயிற்சியாளர் டான் ஷூலா. இருவருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1968 பருவத்தில் ஷூலா பால்டிமோரின் பயிற்சியாளர், மோரல் லீக்கின் மிகச்சிறந்த வீரர். யாரும் எதிர்பாராத விதமாக இறுதிப் போட்டியில் நியூயார்க் ஜெட்ஸிடம் 16-7 என்று தோற்றார்கள். முதல் பாதியிலேயே மோரல் எறிந்த மூன்று பந்துகளை எதிரணி பிடித்தது. இரண்டாம் பாதியில் அவரை வெளியே உட்கார வைக்க வேண்டியிருந்தது. உட்கார வைத்தவரும் ஷூலாதான்.

அந்த மனிதரை நம்பி அணியைக் கொடுத்தார். மோரல் முதலில் இருந்து ஆடிய அடுத்த ஆட்டத்தில் பஃபலோவை 24-23 என்று ஒரே புள்ளியில் தாண்டினார்கள். மிச்சமிருந்த லீக் ஆட்டங்கள் எல்லாவற்றிலும் ஜெயித்தார்கள்.

அவர் எறிந்தே ஜெயித்தார் என்று சொல்ல மாட்டேன். லேரி ஸோங்கா ஆட்களை முட்டித் தள்ளிக்கொண்டு நடுவே போவார், மெர்க்குரி மோரிஸ் ஓரமாகச் சிட்டாகப் பறப்பார். அந்தப் பருவத்தில் பந்தோடு ஓடியே ஸோங்கா 1,117 யார்டு, மோரிஸ் சரியாக 1,000. ஒரே பருவத்தில் ஒரே அணியில் இருவர் ஆயிரத்தைத் தொட்டது லீக்கில் அதுவே முதல்முறை. மோரிஸுக்கு முதலில் 991 என்றுதான் எழுதியிருந்தார்கள். அவர் கணக்கில் தவறாகச் சேர்த்த 9 யார்டு நஷ்டத்தைப் பிறகு எடுத்துவிட்டார்கள். தடுப்பு வரிசைக்கோ 'பெயரில்லாத் தடுப்பு' என்றே பெயர். முந்தைய இறுதிப் போட்டிக்கு முன் டாலஸ் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி, இவர்கள் பெயர்கள் தனக்கு நினைவில் இல்லை என்று சொன்னதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

[திரையில்: பிட்ஸ்பர்க், 31 டிசம்பர் 1972]

அரையிறுதி. ஒரு ஆட்டமும் தோற்காத அணி எதிராளி ஊருக்குப் போய் ஆட வேண்டியிருந்தது, காரணம் அப்போது இடத்தைச் சுழற்சி முறையில் முடிவு செய்தார்கள். மூன்றாம் கால் பகுதியில் 10-7 என்று பின்தங்கினார்கள். கால் தேறி வந்திருந்த கிரீஸியை ஷூலா இறக்கினார். பால் வார்ஃபீல்டுக்கு ஒரே வீச்சு, 52 யார்டு. 21-17 வெற்றி. இறுதிப் போட்டியைத் தொடங்கியவரும் கிரீஸிதான். பதினோரு ஆட்டங்களைத் தொடங்கி பதினொன்றையும் ஜெயித்துக் கொடுத்த மோரல் ஒதுங்கிக்கொண்டார்.

அந்த ஆண்டு எதிரணிகள் பலவீனமானவை என்பார்கள். லீக் ஆட்டங்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் 2007-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் தொடர்ந்து 18 ஆட்டங்களை ஜெயித்துவிட்டு, கடைசி ஆட்டத்தில் 17-14 என்று தோற்றது. ஒன்றும் தோற்காமல் சூப்பர் பவுலையும் வென்ற அணி டால்ஃபின்ஸ் மட்டும்தான்.

[திரையில்: மீண்டும் கொலிசியம்]

சரி, அந்த 14-7. பந்து மறுபடியும் வாஷிங்டன் கையில். குவார்ட்டர்பேக் பில்லி கில்மர் கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் எறியப் பின்வாங்குகிறார். பில் ஸ்டான்ஃபில், வெர்ன் டென் ஹெர்டர் இருவரும் அவரை மடக்கிக் கீழே சாய்க்கிறார்கள். கடிகாரம் ஓடி முடிகிறது. பருவம் முழுக்க 17 வெற்றி, 0 தோல்வி. வீரர்கள் ஷூலாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.