சட்னி வரலையா, வண்டியைத் திருப்பு!

நடுவர் அவர்களுக்கும், சாப்பாடு எப்போது என்று பின்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் வணக்கம். தலைப்பு உங்களுக்கே தெரியும்: ‘எலும்பில்லாத சுட்ட கோழியின் சுவைக்குப் பெரிதும் காரணம் அடுப்பா, சட்னியா?’ நான் சட்னி அணி. உண்மையைச் சொன்னால் அடுப்பு அணிக்குத்தான் முதலில் பெயர் கொடுத்தேன். இடமில்லை என்றுவிட்டார்கள்.

எதிரணித் தலைவர் ஐயா பெஷாவரில் ஆரம்பித்தார். 1947 பிரிவினையில் அங்கிருந்து கிளம்பி டெல்லி தரியாகஞ்சில் மோத்தி மஹால் கடை போட்டவர்கள் தந்தூர் அடுப்பைத்தான் நம்பி வந்தார்களாம், சட்னியை நம்பி அல்லவாம். சரி ஐயா. ஊரையே விட்டு வருகிறவர் கையில் புதினாக் கட்டையா பிடித்துக்கொண்டு வருவார்?

அதோடு விட்டாரா? “சட்னி ஓசியில் வருவது. பில்லில் பெயரே இல்லாத பொருளுக்கு வக்காலத்து வாங்க ஓர் அணியா?” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் தட்டினீர்கள் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

ஓசி என்றால் மரியாதை இல்லையா? காய்கறிக்கார அக்கா கொசுறாகக் கறிவேப்பிலை போட மறந்தால், எடை போட்ட கத்தரிக்காயையே திருப்பிக் கொட்டிவிட்டு வருகிறவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். பார்சல் வாங்குகிறோம். 8 துண்டு கோழியில் ஒன்று குறைந்தால் எண்ணிப் பார்ப்போமா? மாட்டோம். சட்னிப் பொட்டலம் இல்லை என்றால்? நான் கொட்டுகிற மழையில் 3 கிலோமீட்டர் வண்டியைத் திருப்பியிருக்கிறேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரப்பர் பேண்ட் போட்ட பொட்டலம் இரண்டை எடுத்து நீட்டினார். என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! ஐயா அர்ஜென்டினாவுக்குப் போனாலும் இதே கதைதான். அங்கே சுட்ட இறைச்சிக்குப் பக்கத்தில் பார்ஸ்லி இலை, பூண்டு, வினிகர், எண்ணெய் சேர்த்த சிமிச்சுரி இருக்கும். அதுவும் பச்சைதான்.

அர்ஜென்டினா இருக்கட்டும், எங்கள் மொட்டை மாடிக்கு வாருங்கள். போன மே மாதம் மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தார். “இன்னைக்கு யாரும் அடுப்படிக்குள்ள போகக்கூடாது, சமையல் என்னுது” என்று அறிவித்தேன். 2 கிலோ நெஞ்சுக்கறி. தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு எல்லாம் பிசைந்து ஊறவைத்து, கம்பியில் கோர்த்தாயிற்று. கரி மட்டும் பிடிக்கவில்லை. விசிறினேன், ஊதினேன், கண்ணெல்லாம் புகை. கடைசியில் மனைவியின் ஹேர் டிரையரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி அடுப்புக்குக் காட்டினேன். கரி பிடித்தது. கொடியில் காய்ந்த மாமனார் வேட்டியும் பிடித்தது. மச்சான் இந்தக் கதையைச் சொல்லும்போது வேட்டியில் ஓட்டை மூன்று என்பார். நடுவர் அவர்களே, பதிவு செய்துகொள்ளுங்கள், ஒன்றுதான்.

வேட்டியை அணைத்துவிட்டு வருவதற்குள் கோழி முடிந்தது. முடிந்தது என்றால், கதை முடிந்தது. நெஞ்சுக்கறியில் கொழுப்பு ரொம்பக் குறைவு. உள்ளே 74 டிகிரி வந்ததும் எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் விட்டால் சாறெல்லாம் வெளியேறி நார்தான் மிஞ்சும். மச்சான் மகனுக்கு 6 வயது. ஒரு துண்டை வாயில் போட்டான். மென்றான். தண்ணீர் குடித்தான். மறுபடியும் மென்றான். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டான்: “மாமா, இதை முழுங்கணுமா, துப்பணுமா?”

எதிரணியினரே, நெருப்பு, நெருப்பு என்றீர்களே, அன்றைக்கு இருந்ததும் நெருப்புதான்! எங்கள் வீட்டில் யார் பபுள்கம் வாங்கினாலும் இன்றுவரை இந்தக் கேள்விதான். முழுங்கணுமா, துப்பணுமா?

கீழே அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, செய்தி போனது. அவர் கோழி தொட மாட்டார். எங்களுக்காகச் சமைப்பார், ருசி பார்க்க மாட்டார், வாசனையிலேயே உப்பு சொல்வார். இரண்டு கட்டு மல்லி, ஒரு கட்டு புதினா, நாலு பச்சை மிளகாய், பூண்டு. மிக்சி சூட்டில் இலை கறுக்காமல் இருக்க நாலு ஐஸ் கட்டி. எலுமிச்சம்பழத்தைக் கடைசியில்தான் பிழிந்தார். முன்னாலேயே பிழிந்து வைத்தால், புளிப்புப் பட்டுப் பட்டுப் பச்சை போய்ப் பாசி நிறமாகிவிடுமாம். கிண்ணத்தை மாடிக்கு அனுப்பி, “கோழியை மெலிசாகப் பிய்த்து, சூட்டோடு சட்னியில் புரட்டச் சொல்” என்றார். புரட்டினோம். அந்தப் பையன் விரலை நக்கிக்கொண்டே, “ஆச்சி, இன்னும் சட்னி!” என்று மாடியிலிருந்து கத்தினான். மூன்று முறை கிண்ணம் கீழே போய் வந்தது.

ஐயா, சிரிப்பு இதோடு சரி.

தட்டுகளை எடுத்துக்கொண்டு நான் கீழே இறங்கும்போது மணி 11. அடுப்படியில் விளக்கு எரிந்தது. அத்தை தரையில் உட்கார்ந்திருந்தார். மிக்சி ஜாருக்குள் ஒரு பிடி சோற்றைப் போட்டு, ஓரத்தில் ஒட்டியிருந்த சட்னியை விரலால் வழித்துப் பிசைந்துகொண்டிருந்தார். மேலே எத்தனை துண்டு கோழி மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். அத்தை சாப்பிட்டாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான். யாரும் அடுப்படிக்குள் போகக்கூடாது என்று காலையில் சொன்னவனே நான்தானே.

பில்லில் பெயர் இல்லை என்றீர்கள். எங்கள் வீட்டுப் பில்லில் 30 வருஷமாக அந்தப் பெயர் இல்லை ஐயா. அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். “எல்லாருக்கும் பத்துச்சா மாப்பிள்ளை? இதுல இன்னும் ரெண்டு வாய் இருக்கு” என்று ஜாரை நீட்டினார்.

பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து வாங்கிச் சாப்பிட்டேன். அதற்கும் பில் வரவில்லை. வணக்கம்.