சந்தேகங்களுக்கு விளக்கம்: கர்நாடக எல்லையில அத்திப்பள்ளி தாண்டினா நம்ம ரேஷன் கார்டு ஏன் வரமாட்டேங்குது?

பென்னாகரம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க, அப்படியே படிச்சிடறேன். "நானும் வீட்டுக்காரரும் பெங்களூருல கட்டட வேலை செய்யறோம். மாமியாரும் ரெண்டு புள்ளைங்களும் ஊர்ல இருக்காங்க. அஞ்சு பேருக்கும் ஒரே கார்டு. இங்க ரேஷன் கடையில போய் நின்னா உங்க கார்டு மிஷின்ல வரலேங்கறாங்க. எங்க தெருவுல டிராக்டர் வச்சிருக்கறவங்க வீட்டுப் பையன் இதே கடையில வாங்கிட்டுப் போறான். ஒரே நாடு ஒரே ரேஷன்னு சொன்னது பொய்யா? வசதி இருக்கறவனுக்குக் கிடைக்குது, எங்களுக்கு ஏன் இல்ல?"

அக்கா, முதல்ல கார்டைக் கையில எடுங்க. ஸ்மார்ட் கார்டுல குடும்பத் தலைவர் போட்டோவுக்குக் கீழ இங்கிலீஷ்ல சில எழுத்து இருக்கும், பாருங்க. பிஎச்எச்னு இருந்தா முன்னுரிமைக் கார்டு. பிஎச்எச்-ஏஏஒய்னு இருந்தா அந்தியோதயா, அதாவது ரொம்ப ஏழைக் குடும்பத்துக்கான கார்டு. முன்னாடி ஒரு 'என்' சேர்ந்து என்பிஎச்எச்னு இருந்தா முன்னுரிமை இல்லாத கார்டு. நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா உங்களுது என்பிஎச்எச்சா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

இது இத்தனை நாள் ஏன் தெரியலேன்னா, நம்ம ஊர்ல அது தெரியவே வேண்டியதில்ல. 1997-ல மத்திய அரசு ரேஷனை எல்லாருக்கும்ங்கறதுல இருந்து ஏழைகளுக்கு மட்டும்னு மாத்துச்சு. தமிழ்நாடு அதை ஏத்துக்கல, எல்லாருக்கும் பொதுவாவே நடத்துச்சு. 2011 ஜூன்ல இருந்து அரிசியும் விலையில்லாம வருது. 2013-ல உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம்ம மாநிலம் அதுல சேர்ந்தது 2016 நவம்பர்ல. அப்பத்தான் கார்டுங்களை முன்னுரிமை, முன்னுரிமை இல்லாததுன்னு ரெண்டா பிரிச்சாங்க. ஆனா பிரிச்ச பிறகும் மத்திய அரசு கணக்குல வராத குடும்பத்துக்கு மாநில அரசு தன் செலவுல அரிசி போடுது. கடையில ரெண்டு கார்டுக்கும் அரிசி அள்றது ஒரே மூட்டையில இருந்துதான். அதனால யாருக்கும் வித்தியாசம் உறைக்கல. ஓசூர் பக்கம் நம்ம எல்லையில இருக்கற ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குள்ள கால் வச்சதும் மாநில அரசோட பொறுப்பு முடிஞ்சிடுது. அங்க செல்லுபடியாகறது மத்தியச் சட்டத்துப் பட்டியல் மட்டும்தான். எந்த மாநிலக் கடையிலயும் வாங்கலாம்ங்கற ஒரே நாடு ஒரே ரேஷன் பொய் இல்ல அக்கா, அது பிஎச்எச், அந்தியோதயா கார்டுக்கு மட்டும் உள்ள திட்டம். இதைத்தான் போஸ்டர்ல யாரும் போடறதில்ல.

அடுத்து டிராக்டர் வீடு. அவங்க ஏமாத்திட்டாங்கன்னு உடனே முடிவு கட்டாதீங்க. யாரை முன்னுரிமையில சேர்க்கக் கூடாதுன்னு 2017-ல விதி போட்டாங்க. வருமான வரி கட்டறவங்க, தொழில் வரி கட்டறவங்க, அரசு வேலையில இருக்கறவங்க, 5 ஏக்கருக்கு மேல நிலம் இருக்கறவங்க, சொந்தக் கார், ஏசி, மூணு ரூம் காங்கிரீட் வீடு, இப்படிப் போகும். ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்கு மேலன்னும் ஒண்ணு இருக்கு. கணக்கு போட்டுப் பாருங்க. நாள் கூலி 500 ரூபாய், வருஷத்துக்கு 200 நாள் வேலை, அதுலேயே 1 லட்சம் வந்துடுது. மேஸ்திரி 700 வாங்கினா 143 நாள்ல தாண்டிடுது. சித்தாளும் கொத்தனாருமா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலை செஞ்சா, காகிதத்துல அது ஏழைக் குடும்பமே இல்ல. அதே தெருவுல 4 ஏக்கர் மானாவாரி, அதுல மாமரம், ராகி, புளி, ரெண்டு கறவை மாடு வச்சிருக்கறவங்களுக்கு மாசச் சம்பளம்னு ஒண்ணு கிடையாது. பட்டா இன்னும் தாத்தா பேர்லயே இருக்கும், பேரனுக்கு எத்தனை ஏக்கர்னு காகிதம் சொல்லாது. வருமானச் சான்று கேட்டா 60 ஆயிரம், 72 ஆயிரம்னு எழுதி வாங்கறது பெரிய காரியமில்ல. கூலி எண்ணக்கூடிய வருமானம், நிலத்து வருமானம் எண்ணறதுக்கு வராது. ஏழையைப் பொறுக்கி எடுக்கறேன்னு ஜல்லடை போட்டா, கையில ரொக்கமா கூலி வாங்கறவன்தான் முதல்ல ஜல்லடையில சிக்குவான். பொதுவா எல்லாருக்கும் போடற ரேஷனை 'வீண் செலவு'ங்கறவங்க இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்கணும்.

இன்னொரு காரணமும் உண்டு, கார்டை முன்னுரிமைக்கு மாத்தச் சொல்லி நீங்க கொடுக்கப் போற மனுவோட அது நேரா சம்பந்தப்பட்டது. மத்தியச் சட்டம் நாடு முழுக்க கிராமத்துல 75 சதவீதம், நகரத்துல 50 சதவீதம் பேரை எடுத்துக்குது. தமிழ்நாட்டுக்குக் கிராமத்துல 62.55, நகரத்துல 37.79 சதவீதம்னு ஒதுக்கினாங்க. மொத்தம் 3 கோடியே 64 லட்சத்து 70 ஆயிரம் பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கை வச்சுப் போட்ட உச்சவரம்பு அது. அடுத்த கணக்கெடுப்பு 2021-ல நடந்திருக்கணும், நடக்கல. அந்த எண்ணிக்கையும் அப்படியே நிக்குது. ஒருத்தர் பேரு கழிஞ்சாத்தான் இன்னொருத்தரைச் சேர்க்க இடம். அதனால வழங்கல் ஆபீஸ்ல 'இப்ப கோட்டா இல்ல'ன்னு சொன்னா அது சாக்காவும் இருக்கலாம், உண்மையாவும் இருக்கலாம். இருந்தாலும் மனு கொடுங்க. மனுவே இல்லேன்னா இடம் காலியாகும்போது உங்க பேரு யாருக்கும் ஞாபகம் வராது.

எப்படிக் கொடுக்கறதுன்னா, தாலுகா ஆபீஸ்ல வட்ட வழங்கல் அலுவலர்கிட்ட. மாசம் ரெண்டாவது சனிக்கிழமை தாலுகாவுல ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும், வேலைக்கு வெளியூர் போறவங்களுக்கு அந்த நாள் வசதி. எந்த கிராமத்துலன்னு முன்னாடியே விசாரிச்சுக்குங்க. கார்டு நகல், அஞ்சு பேர் ஆதார் நகல், வருமானச் சான்று, கட்டுமான நல வாரிய அட்டை இருந்தா அதோட நகல் எல்லாம் வைங்க. வருமானச் சான்றுக்கு இ-சேவையில போடும்போது மொட்டையா 'தினக்கூலி 700'ன்னு சொல்லிடாதீங்க, வருஷம் பூரா வேலைன்னு கணக்கு போட்டுடலாம். மழைக்காலத்துல சென்ட்ரிங் நிக்கறது, ஊர்த் திருவிழாவுக்கு வந்து போறது, உடம்பு முடியாம படுத்த நாள் எல்லாம் கழிச்சு, உண்மையில எத்தனை நாள் வேலைன்னு சொல்லுங்க. பொய் சொல்லச் சொல்லல, உள்ளதை முழுசாச் சொல்லச் சொல்றேன். மாமியார் விதவையா இருந்தா, வீட்டுல மாற்றுத்திறனாளி யாராவது இருந்தா, தீராத நோய்க்காரர் இருந்தா அதை மனுவோட முதல் பாராவுலேயே எழுதுங்க. அந்தியோதயாவுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க மத்திய அரசு சொல்ற அடையாளம் இதுங்கதான். அது கிடைச்சா குடும்பத்துக்கு மாசம் 35 கிலோ. மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்காம நகராதீங்க. பதில் வரலேன்னா அந்தச் சீட்டோட திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போங்க.

இப்ப, கார்டு பிஎச்எச்சா இருந்தும் அங்க வரலேங்கறவங்களுக்கு. பெங்களூருல வாங்கறதுக்குத் தனியா எந்த மனுவும், பதிவும், வாடகை ஒப்பந்தமும் தேவையில்ல. கார்டு நம்பரோ, கார்டுல பேர் உள்ள ஒருத்தரோட ஆதார் நம்பரோ சொல்லி, அவர் ரேகை வச்சாப் போதும். சிக்கல் வர்றது பெரும்பாலும் ரேகையிலதான். சிமெண்டுல இருக்கற சுண்ணாம்பு விரல் தோலைத் தின்னுடும், கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ரேகை விழாததுக்கு அதுதான் காரணம். வேலை முடிச்சு அப்படியே வராம, கையை சோப்புப் போட்டுக் கழுவி, துளி தேங்காய் எண்ணெய் தடவித் துடைச்சுட்டு வைங்க. கட்டைவிரல்தான்னு இல்ல, பத்து விரலையும் முயற்சி பண்ணலாம், மோதிர விரலும் சுண்டு விரலும் பெரும்பாலும் தேயாம இருக்கும். அதுலயும் வரலேன்னா ஆதார் மையத்துல ரேகையைப் புதுசா பதிஞ்சுக்கணும்.

ரெண்டாவது, இ-கேஒய்சி. முன்னுரிமைக் கார்டுல இருக்கற ஒவ்வொருத்தரும் ஒரு தடவை மிஷின்ல ரேகை வச்சு உறுதி செய்யணும். அதுக்காக பஸ் பிடிச்சு ஊருக்கு வர வேண்டாம், இருக்கற மாநிலத்து ரேஷன் கடையிலேயே வைக்கலாம். புள்ளைங்க விஷயத்துல ஒரு சிக்கல் உண்டு. குழந்தையா இருக்கும்போது எடுத்த ஆதார்ல ரேகையே இருக்காது. அஞ்சு வயசுலயும் பதினஞ்சு வயசுலயும் பதியணும். அதை விட்டுட்டு கடையில போய் நின்னா மிஷின் எத்தனை தடவை வச்சாலும் வராது.

மூணாவது, அளவு. சட்டப்படி ஆளுக்கு 5 கிலோ, அஞ்சு பேருக்கு 25. இதைப் பிரிச்சு வாங்கலாம். நீங்க ரெண்டு பேரும் அங்க 10 கிலோ எடுத்துக்கிட்டு, மிச்சம் 15-ஐ மாமியார் ஊர்ல வாங்கிக்கலாம். ஆனா யார் எங்க சாப்பிடறாங்கன்னு மிஷினுக்குத் தெரியாது. முதல்ல போனவர் மொத்தத்தையும் வாங்கிட்டா இன்னொரு பக்கம் அந்த மாசம் காலி. போன்ல பேசி வச்சுக்குங்க, எத்தனை கிலோன்னு கடையில முன்கூட்டியே சொல்லிடுங்க. அங்க கிடைக்கறது தானியம் மட்டும்தான். அரிசியோட ராகி சேர்த்துப் போடற மாசமும் வரும். களி கிண்டற நம்மாளுங்களுக்கு அதுல வருத்தம் இருக்காது, 2023-ல நம்ம தர்மபுரியிலேயே 2 கிலோ அரிசிக்குப் பதிலா ராகி கொடுக்க ஆரம்பிச்சாங்களே. துவரம்பருப்பு, பாமாயில், சர்க்கரை எல்லாம் தமிழ்நாட்டுக் கடையோட சரி. கர்நாடக அரசு தன் கார்டுக்காரங்களுக்குக் கூடுதலா போடற பொருளும் நமக்கு வராது. கடைக்காரர் வெளி மாநிலக் கார்டே வேண்டாம்னு துரத்தினா 14445-க்கு அங்கிருந்தே கூப்பிடுங்க, இந்தத் திட்டத்துக்குன்னே உள்ள நம்பர். தமிழ்நாட்டுப் பக்கத்துப் புகாருக்கு 1967.

கார்டு என்பிஎச்எச்சாவே இருக்கற வரைக்கும் ஊர்ல மாமியார் முழுசா வாங்கி வைக்கறதுதான் வழி. லீவுக்கு வரும்போது அஞ்சு பத்து கிலோ எடுத்துட்டுப் போவீங்க, எல்லாரும் செய்யறதுதான். ஆனா ஓசூர் ரூட்டுல ரேஷன் அரிசிக் கடத்தலைப் பிடிக்க சோதனை நடக்கும், அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்துல கேஸ் போடுவாங்க. உங்க வீட்டு அரிசி மட்டும் கொஞ்சமா, கார்டு நகலோடயும் கடை பில்லோடயும் இருக்கட்டும். தெருவுல நாலு வீட்டு அரிசியை ஒண்ணாக் கட்டி ஒருத்தர் தலையில வைக்கற வேலை வேண்டவே வேண்டாம்.

சில பேர் இங்க கார்டை ஒப்படைச்சுட்டு கர்நாடகாவுல புதுசா வாங்கிடலாமான்னும் கேக்கறாங்க. மாமியாரும் புள்ளைங்களும் ஊர்ல இருக்கற வரைக்கும் அதைச் செய்யாதீங்க. பொங்கல் பரிசுல இருந்து மகளிர் உரிமைத் தொகை வரைக்கும் இந்தக் கார்டை வச்சுத்தான் வருது. புள்ளைங்களோட குடும்பமா அங்கேயே குடியேறிட்டா அப்ப யோசிக்கலாம்.

மாமியாருக்கு நடக்க முடியலேன்னா பதிலாளை நியமிக்கற படிவம் உண்டு, உங்க கடையிலேயே கேளுங்க. வயசானவங்களுக்கு வீட்டுக்கே பொருள் கொண்டு வர்ற தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டுல ஆரம்பிச்சாங்க. உங்க கார்டு அதுல வருமா, ஊர்ல எந்தத் தேதிக்கு வண்டி வருதுன்னு விற்பனையாளர்கிட்ட கேட்டுக்குங்க.